மிதிவண்டி வரலாற்றில் ஒரு நெடிய வழக்கு

மிதிவண்டி வாங்கக் கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் முதலிற் செய்வது ஒன்றுண்டு. வண்டியின் மேற்சட்டத்தைப் பற்றி ஒரு கையால் தூக்கிப் பார்ப்பர். எளிதில் மேலெழுந்தால் நல்ல வண்டி. கை கடுத்தால் மட்டமான வண்டி. கடைக்காரரும் இதனை நன்கறிவார். இன்று விற்பனைக்கு வரும் மிதிவண்டிகளுள் ஒரு வகை, பந்தய வண்டிக்குரிய வளைந்து தாழும் கைப்பிடி இன்றி, இருபுறமும் நேராக நீண்ட கைப்பிடி உடையது. பாரமற்ற சட்டமும் சற்று அகன்ற டயரும் அதன் பிற இலக்கணங்கள். தார்ச்சாலையிலும் ஓடும், சரளைக்கல் பாதையிலும் ஓடும் என்று அதனைப் புதிய கண்டுபிடிப்பாகவே விளம்பரஞ் செய்கின்றனர். புதியது என்னும் கூற்றை வரலாறு ஒப்புக்கொள்ளாது. கையால் தூக்கிப் பார்க்கும் தேர்வையும் அஃது அவ்வளவாக மதிப்பதில்லை.

மிதிவண்டி பிறந்த காலத்தில் தார்ச்சாலை மிக அரிது. இன்றைய வடிவத்திற்குத் தாயான ‘ரோவர்’ வண்டியை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்தார். ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் அதன் சிறப்பு. அவ்வண்டி ஓடியவை கல்பாவிய தெருக்களும், குதிரைக் குளம்புகள் குழிபறித்த மண்சாலைகளுமே. ஆகவே அக்காலத்து மிதிவண்டி ஒவ்வொன்றும் சரளைப்பாதை வண்டிதான். அதற்கெனத் தனிப்பெயர் ஒன்று வேண்டியிருக்கவில்லை. அத்தகைய வழியில் வண்டியை விரைவாகவும் களைப்பின்றியும் செலுத்த உதவுவது எது? எடைக்குறைவா, டயரா, பல்சக்கரமா, கைப்பிடியின் வடிவமா? இவ்வழக்கு நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றது. தீர்ப்பும் பலமுறை வழங்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறையும் அதனை மறக்கச் செய்தது பந்தயம்.

பெல்பாஸ்ட் நகரத்துத் தீர்ப்பு

முதல் தீர்ப்பு 1889-ஆம் ஆண்டு மே மாதம் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் வழங்கப்பட்டது. கால்நடை மருத்துவரான ஜான் பாய்ட் டன்லப் அதற்கு முந்திய ஆண்டில் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றிருந்தார். அதுவரை சக்கரங்களைச் சுற்றியிருந்தது கெட்டியான ரப்பர் வளையமே. வில்லி ஹியூம் என்பவர் பருத்த காற்று டயர் பூட்டிய வண்டியுடன் குயின்ஸ் கல்லூரி மைதானத்திற்கு வந்தபோது பார்த்தவர்கள் நகைத்தனர். மெல்லிய வளையமே விரைவு தரும் என்பது அன்றைய நம்பிக்கை. ஹியூம் பந்தயத்தில் வென்றார், நகைப்பு அடங்கிற்று. சில ஆண்டுகளுக்குள் கெட்டி ரப்பர் வளையம் மிதிவண்டியை விட்டே மறைந்தது.

இதன் காரணம் பள்ளி மாணவரும் எளிதில் உணரத்தக்கதே. கடினமான சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறும்போது, வண்டியும் அதன்மேல் அமர்ந்திருப்பவரும் சேர்ந்து ஒரு துள்ளு மேலெழுகின்றனர். அவ்வாறு தூக்குவதற்குச் செலவாகும் ஆற்றல் ஓட்டுபவரின் கால்களிலிருந்துதான் வரவேண்டும். காற்றடைத்த டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு அமுங்குகின்றது. ஏறியவர் தம் மட்டத்திலேயே முன்செல்கின்றார். டயர் அகலமாகவும், உள்ளிருக்கும் காற்று அளவாகவும் இருப்பின் பெரிய கல்லும் அடங்கும்.

தமிழர் வாழ்வோடு இந்நிகழ்ச்சிக்குள்ள தொடர்பையும் ஈண்டுக் குறிப்பிடலாம். கியூ தாவரத் தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. எனினும் பல ஆண்டுகள் அவற்றைப் பயிரிட முன்வந்தோர் சிலரே. டயருக்கான பெருந்தேவையை உலகில் முதலில் எழுப்பியது மோட்டார் கார் அன்று, மிதிவண்டியே. பின்னர் மோட்டார் காரும் சேர்ந்துகொள்ள, மலாயாவின் காடுகள் பால்மரத் தோட்டங்களாயின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோரின் வரலாறு அங்கிருந்து விரிகின்றது.

மொண்டானாவிலிருந்து 1,900 மைல்

கரடுமுரடான வழியில் மிதிவண்டியை முறையாகச் சோதித்துப் பார்த்தோருள் முதலில் நினைக்கத்தக்கவர்கள் அமெரிக்கப் படையின் 25-ஆம் காலாட்படைப் பிரிவினர். கறுப்பினச் சிப்பாய்களும் வெள்ளையின அதிகாரிகளும் கொண்ட பிரிவு அது. மொண்டானா மாநிலத்து மிசூலாக் கோட்டையில் அப்பிரிவு தங்கியிருந்தபோது, ஜேம்ஸ் மாஸ் என்னும் இளம் லெப்டினென்ட் 1896-இல் ஒரு மிதிவண்டிக் குழுவை அமைத்தார். குதிரைக்குத் தீனி வேண்டும், நீர் வேண்டும், ஓய்வு வேண்டும். அது கனைத்துப் பகைவருக்குக் காட்டிக்கொடுக்கவும் கூடும். மிதிவண்டிக்கு இவை ஒன்றுமில்லை என்பது அவர் வாதம். ஸ்பால்டிங் நிறுவனம் வண்டிகளை அளித்தது. முதலாண்டில் யெல்லோஸ்டோன் பூங்கா வரை சென்று 800 மைல் அளவு சுற்றி வந்தனர். அடுத்த ஆண்டு செய்ததுதான் பெருஞ்செயல்.

1897-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் மிசூலாவிலிருந்து புறப்பட்டனர். முன்வந்தோருள் தேர்ந்தெடுக்கப்பட்ட 20 சிப்பாய்கள், மாஸ், ஒரு மருத்துவர், ஒரு செய்தியாளர் ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள செயின்ட் லூயிஸ் நகரை ஜூலை 24-ஆம் நாள் அடைந்தனர். தொலைவு 1,900 மைல். வழியில் தங்கிய நாட்களைக் கழித்தால் பயணஞ் செய்தது 34 நாட்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 56 மைல். வெறும் வண்டியின் எடை 32 பவுண்டு அளவுதான். ஆயினும் போர்வைச் சுருள், கூடாரத்துணி, உணவு, கருவிகள் எல்லாம் சேர்ந்து அதனை 59 பவுண்டாக்கின. துப்பாக்கியும் தோட்டாக்களும் சிப்பாயின் உடலில் தனிச்சுமை.

அவர்களை வாட்டியது மேற்கூறிய எடையா என்று பார்த்தால், பயணக் குறிப்புகள் வேறொன்றைச் சொல்கின்றன. மொண்டானாவின் களிமண், மழை பெய்தவுடன் பசைபோல் சக்கரத்தைப் பற்றிக்கொண்டது. சட்டத்திற்கும் சக்கரத்திற்கும் இடையே சேறு இறுகி, உருளவேண்டிய வண்டியைச் சிப்பாய்கள் தள்ளியும் தூக்கியும் சென்றனர். சாலை இல்லாத இடங்களில் இருப்புப்பாதைக் குறுக்குக் கட்டைகளின் மேல் மைல் கணக்கில் குலுங்கிச் சென்றனர். நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் குறுகிய டயர் புதைந்து போயிற்று. வெயிலும், உப்புச் சுவையுள்ள நீரும் பலரை நோயில் வீழ்த்தின. பல்சக்கரம் ஒன்றே ஆதலின் செங்குத்தான மேடுகளில் இறங்கித் தள்ளுவதன்றி வழியில்லை. எடையை எத்தனை பவுண்டு குறைத்திருந்தாலும் இவ்விடர்களில் ஒன்றேனும் நீங்கியிராது.

செயின்ட் லூயிஸ் நகரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வரவேற்றனர். சிப்பாய்கள் இரயிலில் மிசூலா திரும்பினர். மறு ஆண்டு ஸ்பெயின் நாட்டுடன் போர் மூண்டு படைப்பிரிவு கியூபாவிற்குச் சென்றது. மிதிவண்டிக் குழு மீண்டும் அமைக்கப்படவில்லை. அக்குழுவிற் சென்ற மிங்கோ சாண்டர்ஸ் என்னும் மூத்த சிப்பாயின் கதியை எண்ணாமல் இவ்வரலாற்றைக் கடத்தல் இயலாது. டெக்சஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில் நகரில் 1906-இல் நடந்த துப்பாக்கிச் சூட்டிற்காக, விசாரணை மன்றம் ஏதுமின்றி, அதே படைப்பிரிவைச் சேர்ந்த 167 கறுப்பினச் சிப்பாய்களைக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பணியிலிருந்து நீக்கினார். ஓய்வூதியத்தை எட்டும் நிலையிலிருந்த சாண்டர்சும் அவர்களுள் ஒருவர். அத்தீர்ப்பு பிழை என்று அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது 1972-ஆம் ஆண்டில். அதற்குள் ஏறத்தாழ எல்லோரும் இறந்திருந்தனர்.

செயின்ட் எத்தியேன் நகரத்து முதியவர்

சிப்பாய்கள் இறங்கித் தள்ளிய மேடுகளைத் தள்ளாமல் ஏறுவது எப்படி என்னும் வினாவிற்கு வாழ்நாளைக் கொடுத்தவர் பிரான்சு நாட்டவரான பால் டி விவி. 1853-இல் பிறந்த இவர் முதலில் பட்டு வணிகர். பின்னர் அவ்வணிகத்தைத் துறந்து, 1887-இல் செயின்ட் எத்தியேன் நகரில் மிதிவண்டிக் கடை வைத்து, மிதிவண்டிக்கென ஓர் இதழையும் தொடங்கினார். ‘வெலோசியோ’ என்பது அவருடைய புனைபெயர். உலகம் அவரை அப்பெயராலேயே அறியும். மரக்கறி உணவையே கொண்டவர். எஸ்பெராண்டோ மொழிப் பற்றாளர். பொழுது புலருமுன் புறப்பட்டு நாள் முழுதும் மலைப்பாதையில் மிதிவண்டி செலுத்திய பின்னரும் களைப்பறியாதவர்.

செயின்ட் எத்தியேன் நகரைச் சூழ்ந்திருப்பவை மலைகள். சமநிலத்திற்கு ஏற்ற பல்சக்கரம் ஏற்றத்தில் காலை ஒடிக்கும். ஏற்றத்திற்கு ஏற்றது சமநிலத்தில் காலை வெறுமனே சுழலவிடும். ஆகவே ஒரே வண்டியில் இரண்டும் வேண்டும் என்று வெலோசியோ கண்டார். சிறியதும் பெரியதுமான இரு பல்சக்கரங்களை அருகருகே வைத்துச் சங்கிலியைக் கையால் மாற்றினார். இரு பக்கமும் சங்கிலி பூட்டிப் பார்த்தார். இறுதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சங்கிலியைப் பக்கவாட்டில் தள்ளி மாற்றும் கருவியைப் பெரிதும் பரப்பினார். இன்று ‘கியர்’ என்று எல்லோரும் வழங்கும் அமைப்பின் வளர்ச்சியில் அவருக்குரிய இடம் பெரிது. அகன்ற டயரையும் அவர் விடாது பரிந்துரைத்தார்.

பிரான்சின் சுற்றுலா மிதிவண்டிக் கழகம் 1902-இல் பிரனீசு மலைத்தொடரில் ஒரு சோதனைப் போட்டியை நடத்திற்று. 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாய் அவ்வழியில் இருந்தது. வெலோசியோவின் மூன்று கியர் வண்டியில் ஏறிய மார்த்தா எஸ் என்னும் பெண்மணி, இறங்கித் தள்ளாமலே மலைப்பாதையைக் கடந்தார் என்று புகழ் பரவிற்று. வழக்கு அன்றே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பந்தயத் துறையின் பெருந்தலைவரும், மறு ஆண்டே ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயத்தைத் தொடங்கியவருமான ஆன்றி டெகிராஞ்சு இதனை ஏற்கவில்லை. கியர் மாற்றும் கருவி 45 வயதைக் கடந்தோர்க்கே உரியது, கால்வலிமையால் வெல்வதே வீரம் என்னும் கருத்தில் எழுதினார். தமது பந்தயத்தில் அக்கருவியைத் தலைசிறந்த வீரர்கள் பூட்டுவதற்கு அவர் இடந்தரவில்லை. 1910-ஆம் ஆண்டு பந்தயம் முதன்முறையாகத் தூர்மலே கணவாயைக் கடந்தபோது, அவ்வாண்டின் வெற்றி வீரரான ஒக்டாவ் லாபீசு இடையிடையே இறங்கித் தள்ளித்தான் மேலேறினார். பின்சக்கரத்தின் இருபுறமும் ஒவ்வொரு பல்சக்கரம் பூட்டி, மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தையே கழற்றித் திருப்பிப் பூட்டுவது பந்தய வீரர்களின் வழக்கமாயிற்று.

கியர் மாற்றும் கருவி அப்பந்தயத்தில் முழுமையாக அனுமதிக்கப்பட்டது 1937-இல். டெகிராஞ்சு பொறுப்பிலிருந்து விலகிய பிறகே. மலைப்பாதையில் மெய்ப்பிக்கப்பட்ட ஒன்று பந்தயச் சாலைக்கு வந்துசேர 35 ஆண்டுகள் ஆயின. வெலோசியோ அதனைக் காணவில்லை; 1930-இல் செயின்ட் எத்தியேன் தெருவில் டிராம் வண்டி மோதி இறந்தார். ஆண்டுதோறும் அவர் நினைவாக மிதிவண்டியினர் கூடி ஏறும் மலைப்பாதை இன்றும் அங்குள்ளது. பந்தய வீரர் எதை ஏறுகின்றாரோ அதையே கடைக்காரர் விற்பார், அதையே மக்கள் வாங்குவர் என்னும் நிலை இருக்கும்வரை, 45 வயதினர் மட்டுமன்றி 25 வயதினரும் தமக்குப் பொருந்தாத வண்டியைத்தான் வாங்கிக்கொண்டிருப்பர்.

வெலோசியோவின் வழிவந்தோர் எடைக்குறைவை வெறுத்தவர்கள் அல்லர். 1934-இலிருந்து பிரான்சில் நடந்த தொழில்நுட்பப் போட்டிகளில் வண்டியின் எடைக்குப் புள்ளிகள் உண்டு. ஆனால் அகன்ற டயர், சேறு காக்கும் தகடு, விளக்கு ஆகியவை பூட்டிய வண்டியாக அஃது இருத்தல் வேண்டும். மோசமான மலைப்பாதையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, ஒன்றும் தளராமலும் முறியாமலும் திரும்பவும் வேண்டும். ரெனே எர்சு என்னும் தொழிற்கலைஞர் 1938-இல் கொண்டுவந்த வண்டி இத்தனையும் உடன்கொண்டு 8 கிலோவிற்குச் சற்றே குறைவாக இருந்தது. இன்றைய கடைகளில் பெரும் பொருள் கொடுத்து வாங்கும் வண்டிகளுட் பலவும் அவ்வெடையை எட்டுவதில்லை.

மலாயாச் சாலைகளில்

மலாயாவில் மிதிவண்டி என்றதும் முதியோர் நினைவுக்கு வருவது 1941-ஆம் ஆண்டு டிசம்பர். கோத்தா பாருவில் டிசம்பர் 8-ஆம் நாள் இறங்கிய ஜப்பானியப் படையும், சயாம் வழியாகப் புகுந்த பிற பிரிவுகளும் ஜனவரி முடிவதற்குள் ஜொகூர் பாருவை அடைந்தன. ஏறத்தாழ 1,100 கிலோமீட்டரை 55 நாட்களில் கடந்த அப்படையின் விரைவிற்கு மிதிவண்டி ஒரு பெருங்காரணம். பாலங்களைத் தகர்த்துவிட்டுப் பின்வாங்கியது பிரிட்டிஷ் படை. லாரி நின்ற இடத்தில் ஜப்பானியச் சிப்பாய் மிதிவண்டியைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தான். போருக்கு முன்னரே மலிவான ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவெங்கும் விற்கப்பட்டிருந்தமையால் உதிரிப்பாகங்கள் ஊர்தோறும் கிடைத்தன. பொதுமக்களின் வண்டிகளும் பறிக்கப்பட்டன. வெயிலில் டயர்கள் வெடித்தபோது அவற்றை எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்தின்மேலேயே சென்றனர். இரவில் அவ்வோசையைக் கேட்ட எதிர்ப்படையினர் டாங்கிகள் வருவதாக மருண்டனர் என்று ஜப்பானியப் படை அதிகாரி சுஜி மசனோபு தமது நூலில் எழுதியுள்ளார். டயரும் இன்றி, கியரும் இன்றி, பளுவான வண்டி இத்துணைத் தொலைவு ஓடியது எவ்வாறெனின், பிரிட்டிஷார் இட்ட வழவழப்பான தார்ச்சாலையே காரணம். அமெரிக்கச் சிப்பாய்களுக்கு மொண்டானாவில் கிடைக்காதது அது.

தார்ச்சாலையை விட்டுத் தோட்டத்திற்குள் திரும்பினால் கதை வேறு. அங்குச் செம்மண்ணும் சரளையும் கலந்த பாதை. கிராணியாரும் ஆசிரியரும் தபால்காரரும் அதன்மேல் செலுத்தியது பருத்த கறுப்பு மிதிவண்டி. 28 அங்குலச் சக்கரம், கம்பியால் இயங்கும் பிரேக், நிமிர்ந்து அமர்ந்து பற்றும் கைப்பிடி, பின்னால் சுமைதாங்கி. ஏறத்தாழ 20 கிலோ எடை. அதனைப் பார்த்து இன்றைய இளைஞர் நகைக்கக்கூடும். நகைப்பதற்குமுன் அதன் டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எண்ணைப் படித்தல் வேண்டும். 28 பெருக்கல் 1½ என்றிருக்கும். ஒன்றரை அங்குலம் என்பது 38 மில்லிமீட்டர். சரளைப்பாதைக்கென இன்று புதிதாக விற்கும் வண்டிகளின் டயர் அகலம் பெரும்பாலும் 38-இலிருந்து 45 மில்லிமீட்டர் வரை. தோட்டத்துக் கறுப்பு வண்டியின் டயர் அகலம் சரியாகவே இருந்தது. அதன் குறைகள் மூன்று: இரும்பின் பளு, ஒரே பல்சக்கரம், மழையில் நனைந்த இரும்பு வளையத்தைப் பிடிக்காத பிரேக். ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தார் 1902-இலிருந்து செய்த மூன்று கியர்ப் பின்னச்சு அவற்றுள் இரண்டாவதை ஓரளவு தீர்த்தது. ஆயினும் அது வசதியுள்ளோர் வண்டியிலேயே காணப்பட்டது.

நேரான கைப்பிடி வந்த வழி

இன்றைய நேர்கைப்பிடியின் அண்மைக்கால வரலாறு கலிபோர்னியாவில் தொடங்குகின்றது. சான்பிரான்சிஸ்கோவிற்கு வடக்கேயுள்ள மரின் வட்டாரத்து இளைஞர்கள், 1930-களிலும் 1940-களிலும் செய்யப்பட்டுக் குப்பைக்குச் சென்றுகொண்டிருந்த பருத்த டயர் வண்டிகளை எடுத்துச் செப்பனிட்டு மலைச்சரிவில் இறங்கினர். 1976-இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்தின் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர். பின்னச்சு பிரேக்கின் மசகு ஒரே இறக்கத்தில் சூடேறி ஆவியாகிவிடும், ஒவ்வோர் ஓட்டத்திற்கும் பின் புதிதாக மசகு அடைக்க வேண்டும், பெயர்க்காரணம் அதுவே. குழியும் பாறையுமுள்ள சரிவில் வளைந்து தாழும் பந்தயக் கைப்பிடி ஆபத்தானது. மோட்டார் சைக்கிளினதைப் போன்ற அகன்ற கைப்பிடி, சக்கரத்தைத் திருப்புவதற்கு நெம்புகோலாயிற்று. பிரேக் எப்பொழுதும் விரலடியில் இருந்தது. ஜோ பிரீஸ் என்பவர் 1977-இல் இவ்வழிக்கென்றே சட்டம் அமைத்தார். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ கடைகளுக்கு வர, மலை மிதிவண்டி உலகெங்கும் பரவியது. அதன் நேர்கைப்பிடியையும் சாலை வண்டியின் பெரிய சக்கரத்தையும் இணைத்துப் பின்னர்க் கலப்பு வகை வண்டிகள் எழுந்தன. கறுப்பு வண்டியின் பேரப்பிள்ளைகள் என்றே அவற்றைக் கூறலாம்.

பந்தயம் மீண்டும் குறுக்கிட்டது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா நகரில் 2006-இல் 200 மைல் சரளைப்பாதைப் பந்தயம் ஒன்று சிறிய அளவில் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் திரளும் விழாவாயிற்று. பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் 2022-இல் இத்தாலியில் சரளைப்பாதை உலகப் பந்தயத்தையே நடத்திவிட்டது. வெற்றி பெற்றோரின் வண்டிகளில் இருந்தது வளைகைப்பிடி. ஆகவே கடைகளில் சரளைப்பாதை வண்டி என்றால் வளைகைப்பிடி வண்டி என்றாயிற்று. காற்றை எதிர்த்து நாள் முழுதும் விரைவோர்க்கு அதனால் நன்மையுண்டு என்பது மெய். தலையைத் தாழ்த்தலாம், கையை மூன்று நான்கு இடங்களில் மாற்றி வைக்கலாம். மாலையில் 20 கிலோமீட்டர் சென்று திரும்புவோருக்கும், பள்ளிக்கும் அலுவலுக்கும் செல்வோருக்கும் அத்தேவை இல்லை.

ஒரு நன்மையைப் பந்தயத்தார் செய்துள்ளனர் என்பதையும் கூறுதல் நேர்மை. மெல்லிய டயரே விரைவானது என்னும் பழைய நம்பிக்கை, வழவழப்பான இரும்பு உருளையின்மேல் டயரை ஓடவிட்டு அளந்த சோதனைகளால் நிலைத்திருந்தது. உருளையில் கல் இல்லை, குழி இல்லை. மேலே அமர்ந்து குலுங்கும் மனிதரும் இல்லை. மெய்யான சாலையில் மனிதரை ஏற்றி அளந்தபோது, அகன்ற டயர் விரைவில் பின்வாங்கவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துச் சிறு இதழ் ஒன்று இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இதனை விடாது எழுதியது. இப்பொழுது பந்தய வீரர்களே தார்ச்சாலையில் 28, 30 மில்லிமீட்டர் டயர்களைப் பூட்டுகின்றனர். ஹியூமைக் கண்டு நகைத்தோரின் கொள்ளுப்பேரர்கள் ஒருவாறு தெளிந்தனர்.

தெரிவுக்குரிய கணக்கு

இவ்வரலாற்றைக் கையிற் கொண்டு இன்றைய நேர்கைப்பிடி வண்டியை நோக்குவோம். முதலில் எடை. ஏறுபவர் 65 கிலோ, வண்டி 11 கிலோ எனின் மொத்தம் 76 கிலோ. மேலும் பொருள் செலவிட்டு ஒன்பதரைக் கிலோ வண்டியை வாங்கினால் மொத்தம் 74.5 கிலோ. குறைந்தது ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு. அரைமணி நேரம் ஏறவேண்டிய மேட்டில் இதனால் மிஞ்சுவது 36 விநாடி. சமநிலத்தில் உணரவே இயலாது. 20 கிலோ கறுப்பு வண்டியிலிருந்து 11 கிலோ வண்டிக்கு மாறுவோர் பெறும் நன்மை பெரிது. 11-இலிருந்து ஒன்பதரைக்கு இறங்குவோர் பெறுவது சிறிது. கொடுக்கும் விலையோ மிகப் பெரிது. மாடிவீட்டிற்கு நாள்தோறும் தோளில் தூக்கிச் செல்வோர் மட்டும் இக்கணக்கை வேறாகப் போடலாம்.

கியர் விஷயத்தில் வெலோசியோவைப் பின்பற்றுவதே தக்கது. முன்னுள்ள மிகச் சிறிய பல்சக்கரத்தின் பற்கள், பின்னுள்ள மிகப் பெரியதன் பற்களைவிடக் குறைவாயிருத்தல் வேண்டும். அப்பொழுது மிதி ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகச் சுழலும். செங்குத்தான செம்மண் மேட்டிலும் இறங்காமல் நடைவேகத்தில் ஏறலாம். சாலைப்பந்தய வண்டியின் சட்டத்தில் நேர்கைப்பிடியைப் பூட்டி விற்கும் சில வண்டிகளில் இவ்வசதி இருப்பதில்லை. மழை மிகுந்த மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் தட்டு பிரேக் உள்ள வண்டி விரும்பத்தக்கது. சக்கர வளையம் நனைந்தாலும் அதன் பிடிப்பு பெரிதும் கெடுவதில்லை.

கைப்பிடியைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. வளைகைப்பிடி முன்னோக்கி நீள்வதால், அதற்கென அமைத்த சட்டத்தின் மேற்குழாய் குட்டையாயிருக்கும். அச்சட்டத்தில் நேர்கைப்பிடியை மாற்றிப் பூட்டினால் ஏறுபவர் முன்னால் இடமின்றி ஒடுங்கி அமர நேரிடும். இருவகைப் பிரேக் பிடிகளும் கம்பியை இழுக்கும் அளவிலும் பொதுவாக வேறுபடுவதால், மாற்றுவதற்கு எண்ணியதைவிடச் செலவும் கூடும். ஆகவே தொடக்கத்திலேயே நேர்கைப்பிடிக்கென்று அளந்து செய்த சட்டத்தைத் தேடுதல் வேண்டும். கைப்பிடி தோளைவிடச் சற்றே அகலமாயிருந்தால் போதும். மலை மிதிவண்டியின் மிக அகன்ற கைப்பிடி, நெடுந்தொலைவில் தோளையும் மணிக்கட்டையும் நோகச் செய்யும். நுனிகளில் சிறு கொம்புகளைப் பூட்டிக்கொண்டால் கைவைக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

டயரைப் பொறுத்தவரை, கடையிற் பூட்டியிருப்பதைப் பார்ப்பது போதாது. சட்டம் எவ்வளவு அகலத்திற்கு இடந்தரும் என்று கேட்டறிதல் வேண்டும். 32 மில்லிமீட்டர் டயரோடு விற்கும் வண்டி 40-க்கு இடந்தருமாயின், நகரச் சாலையிலிருந்து தோட்டப்பாதைக்கு மாறும்போது டயரை மட்டும் மாற்றினால் முடிந்தது. 65 கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டயரில் சதுர அங்குலத்திற்கு 40 பவுண்டு அழுத்தத்திற்கு மேல் காற்றடிக்க வேண்டியதில்லை. கல்லுப்போல் இறுகக் காற்றடிப்பது பழைய பிழை. அகன்ற டயரைப் பூட்டிய பின்னும் அதற்கும் சட்டத்திற்கும் இடையே இருபுறமும் சில மில்லிமீட்டர் வெளி எஞ்சுகின்றதா என்று விரலை நுழைத்துப் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுத்தல் வேண்டும். மொண்டானாவில் சிப்பாய்கள் நின்று நின்று சுரண்டியெடுத்த சேறு தங்கியது அவ்விடைவெளியிலேதான்.